கரீபியன் கப்பல் பயணத்தில் ஸ்நார்க்கெலிங்: எந்தத் தீவில், யாரோடு, எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், கால்வெஸ்டன் போன்ற துறைமுகங்களிலிருந்து கிளம்பும் ஒரு வாரக் கரீபியன் கப்பலில் இடம் பிடித்ததுமே எக்ஸ்கர்ஷன், அதாவது துறைமுகங்களில் இறங்கிப் போகும் சின்னச் சுற்றுலாக்களின் பட்டியல் வந்துவிடும். ஒவ்வொரு தீவுக்கும் நாலைந்து ஸ்நார்க்கெலிங் (மாஸ்க்கும் மூச்சு விடும் குழாயும் மாட்டி, மிதந்தபடியே கடலடியைப் பார்ப்பது) பயணங்கள் இருக்கும். படங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் பலர் விலையை மட்டும் பார்த்து ஒன்றைத் தொட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகும்போது கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

நாலு துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது. நாலிலும் ஸ்நார்க்கெலிங் போகலாமா?

வேண்டாம். ஒன்று போதும், மிஞ்சிப்போனால் இரண்டு. எல்லாத் தீவுக் கடலும் ஒன்றல்ல. சில இடங்களில் பவளப்பாறை கரைக்கு வெகு அருகில், ஆழம் குறைவாக, மீன் நிறைந்து இருக்கும். சில இடங்களில் மணல்தான், அங்கங்கே நாலு கல். பாறை நன்றாக இருக்கும் தீவில் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்து சின்னக் குழுவோடு போங்கள். மற்ற நாட்களில் கடற்கரை, ஊர் சுற்றல், சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு சுமாரான பயணத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல பயணம் போய்விட்டு மிச்சமும் பிடிக்கலாம்.

மேற்குக் கரீபியன் வழியில் போகிறோம். அந்த ஒன்றை எங்கே வைத்துக்கொள்வது?

கொசுமெல். யோசிக்கவே வேண்டாம். மெக்சிகோவின் யுகடான் கரைக்கு எதிரே இருக்கும் தீவு. 1996இல் இதன் பவளப்பாறைப் பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தண்ணீர் அவ்வளவு தெளிவு. படகுக்காரர்கள் வழக்கமாகக் கூட்டிப்போகும் மூன்று பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: பலங்கார், கொலம்பியா, எல் சியேலோ. முதல் இரண்டும் பவளப்பாறை. எல் சியேலோ என்பது ஆழம் குறைந்த தண்ணீருக்குக் கீழே வெள்ளை மணலும் அதன்மேல் பெரிய நட்சத்திர மீன்களும் இருக்கும் இடம். நட்சத்திர மீனைப் படம் எடுப்பதற்காகத் தண்ணீரைவிட்டு வெளியே தூக்காதீர்கள். அதற்கு அது உயிரோடு விளையாடுவது.

கொசுமெல்லில் நீரோட்டம் உண்டு. பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடும். அதனால் படகு உங்களைப் பாறையின் ஒரு பக்கத்தில் இறக்கிவிட்டு, நீங்கள் மிதந்து போய்ச் சேரும் இடத்தில் ஏற்றிக்கொள்ளும். கை கால் அடிக்காமலே பாறை உங்கள் அடியில் நகர்ந்துகொண்டே இருக்கும். பழகியவர்களுக்கு இதைவிட சுகம் இல்லை. ஆனால் முதல்முறை இறங்குகிறவருக்கு, நின்ற இடத்தில் நிற்க முடியவில்லையே என்று பதற்றம் வரும். அவருக்குச் சங்கனாப் பூங்கா மாதிரி கரையிலிருந்தே இறங்கும் இடம் நல்லது. ஏணி இருக்கிறது, கரை கண்ணெதிரே இருக்கிறது, வேண்டாம் என்றால் உடனே ஏறிவிடலாம்.

தீவின் கிழக்குப் பக்கம் திறந்த கடல், அலை அதிகம். சர்காசம் என்கிற பழுப்புக் கடற்பாசியும் அந்தப் பக்கம்தான் அதிகமாக ஒதுங்கும். ஸ்நார்க்கெலிங்குக்கு மேற்குக் கரைதான்.

கிராண்ட் கேமனில் திருக்கை மீன்களோடு நிற்கிறார்களே, அது ஸ்நார்க்கெலிங்கா?

பெயருக்குத்தான். ஸ்டிங்ரே சிட்டி மணல்திட்டில் தண்ணீர் இடுப்பளவுதான். முன்பு மீனவர்கள் அந்த அமைதியான பகுதியில் படகை நிறுத்தி மீனைக் கழுவுவார்கள், கழிவை அங்கேயே போடுவார்கள். அதைத் தின்ன வந்த திருக்கைகள் மனிதருக்குப் பழகிவிட்டன. இப்போது படகுச் சத்தம் கேட்டாலே வந்துவிடுகின்றன. காலில் உரசிக்கொண்டு போகும்போது அடிப்பக்கம் வழவழவென்று, நனைந்த வெல்வெட் துணி பட்டதுபோல இருக்கும்.

நீச்சல் தெரியாத பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது அருமையான இடம். காலடியை எடுத்து எடுத்து வைக்காமல் மணலைத் தேய்த்தபடியே நடக்க வேண்டும். திருக்கையின் முள் வாலில் இருக்கிறது, மிதித்தால்தான் ஆபத்து. அங்கே திருக்கையைத் தண்ணீரைவிட்டு வெளியே தூக்குவது சட்டப்படி தடை.

பவளப்பாறையும் பார்க்க வேண்டுமென்றால் மணல்திட்டோடு கோரல் கார்டன்ஸ் அல்லது தடுப்புப்பாறை நிறுத்தமும் சேர்ந்த பயணமாகப் பார்த்து எடுங்கள். முடிந்தவரை காலை முதல் படகு. பல கப்பல்கள் ஒரே நாளில் வந்துவிட்டால் பத்து மணிக்குமேல் மணல்திட்டில் திருக்கையைவிட மனிதர் தலைதான் அதிகம் தெரியும்.

இன்னொன்று, கிராண்ட் கேமனில் கப்பல் கரையோடு ஒட்டி நிற்காது. டெண்டர் எனப்படும் சின்னப் படகில் ஏறித்தான் ஜார்ஜ் டவுன் போக வேண்டும். பெரிய கப்பலுக்கான துறைமேடை கட்டலாமா என்று 2025இல் அங்கே மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள், வேண்டாம் என்றே தீர்ப்பு வந்தது. ஆகவே டெண்டருக்குக் காத்திருக்கும் நேரத்தையும் உங்கள் கணக்கில் சேருங்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கு ஒரு குறிப்பு: டெண்டர் இறங்கும் இடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஈடன் ராக் இருக்கிறது. கரையிலிருந்தே இறங்கலாம், எக்ஸ்கர்ஷனே தேவையில்லை.

ரொவாட்டான், பெலீஸ்?

ஹோண்டுராஸின் ரொவாட்டான் தீவில் வெஸ்ட் பே கடற்கரைக்குப் போங்கள். கடற்கரையின் தென்மேற்கு முனையில் பாறை கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான். டாக்ஸியில் போய், ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, நினைத்தபோது இறங்கி நினைத்தபோது ஏறலாம். ஒருவர் நீந்த, இன்னொருவர் பேரப்பிள்ளையோடு மணலில் உட்கார வேண்டிய குடும்பத்துக்கு இதுதான் வசதி. டாக்ஸி வாடகையைப் போக வரச் சேர்த்துப் பேசிக்கொண்டு, திரும்பி வரும்போது கொடுங்கள். படகுகள் ஓடும் இடம் என்பதால் நீந்துவோருக்காக மிதவை போட்டுக் குறித்திருக்கும் எல்லையைத் தாண்ட வேண்டாம். மணல் ஈ கடிக்கும், தடவிக்கொள்ள ஏதாவது எடுத்துப்போங்கள்.

பெலீஸில் பாறை அற்புதம். உலகின் இரண்டாவது பெரிய தடுப்புப்பாறைத் தொடரின் ஒரு பகுதி இது, 1996இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1987இல் காப்பகமான ஹோல் சான், பக்கத்திலேயே நர்ஸ் சுறாக்கள் கூடும் ஷார்க் ரே ஆலி எல்லாம் பேர்பெற்ற இடங்கள். ஆனால் கப்பல் பெலீஸ் சிட்டிக்குச் சில மைல் தள்ளியே நங்கூரம் போடும். டெண்டர் பயணம், அங்கிருந்து வேகப்படகில் இன்னொரு நீண்ட பயணம், அதே வழியில் திரும்ப வேறு வேண்டும். கப்பல் அங்கே நிற்கும் நேரம் குறைவென்றால் ஹோல் சானை வெளியாட்களோடு முயற்சி செய்ய வேண்டாம். கப்பல் வழியாகவே போங்கள், அல்லது காஃப்ஸ் கே போன்ற பக்கத்துத் தீவுத்திட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாங்கள் கிழக்கு, தெற்கு வழியில் போகிறோம்.

செயின்ட் தாமஸ் என்றால் ஆமைகள் மேயும் பக் ஐலண்ட் படகு அல்லது கரையிலிருந்தே இறங்கும் கோக்கி கடற்கரை. பார்படாஸில் கார்லைல் வளைகுடா: ஆமையும் உண்டு, மூழ்கிய கப்பல்களும் உண்டு. அதில் 1919இல் மூழ்கிய பெர்வின் என்ற இழுவைப்படகை மேலே மிதந்தபடியே பார்க்கலாம். கிரெனடாவில் 2006இல் திறந்த நீருக்கடிச் சிற்பப் பூங்கா. அருபாவில் 1940இல் ஜெர்மன் மாலுமிகள் தாங்களே மூழ்கடித்த ஆன்டில்லா சரக்குக் கப்பல்.

போனேர் உங்கள் பட்டியலில் இருந்தால் கொசுமெல்லுக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும், இன்னும் ஒரு படி மேலாகவே. 1979 முதல் தீவைச் சுற்றியுள்ள கடல் முழுக்கக் காப்பகம். பாறை கரையிலேயே தொடங்குகிறது.

கப்பல் நிறுவனத்தின் தனித்தீவில் ஸ்நார்க்கெலிங் எப்படி?

பழகிக்கொள்ள நல்ல இடம். ஆழம் குறைவு, உயிர்காப்பாளர் இருப்பார், அலை இருக்காது. பவளம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். தனித்தீவு நிறுத்தம் முதலிலும் நல்ல பாறை பின்னாலும் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம், அங்கே ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

கப்பலிலேயே முன்பதிவு செய்வதா, வெளியிலா?

இரண்டுக்கும் இடம் உண்டு. கப்பல் மூலம் போனால் ஒரு பெரிய நிம்மதி: உங்கள் படகு தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அப்படிக் காத்திருக்க முடியாவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. வானிலையால் கப்பல் அந்தத் தீவுக்கே போகவில்லை என்றாலும் பணம் தானாகத் திரும்பிவிடும். கப்பலும் இல்லாமல் பாஸ்போர்ட்டும் கையில் இல்லாமல் அந்நிய ஊரில் அப்பா அம்மாவோடு நிற்பதை நினைத்தால் இந்த நிம்மதிக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பே இல்லை.

குறை என்னவென்றால் கூட்டம். ஒரே கட்டமரானில் (இரட்டை அடிப்பாகம் கொண்ட அகலமான படகு) ஐம்பது அறுபது பேர் ஏறினால், எல்லாருக்கும் ஃபின்ஸ் எனப்படும் காலில் மாட்டும் துடுப்பை மாட்டி இறக்கவே அரைமணி போய்விடும். தண்ணீரில் பக்கத்து ஆளின் கால் உங்கள் முகத்தில் படும். வெளியில் சின்னப் படகில் எட்டுப்பத்துப் பேராகப் போனால் கைடு உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், உங்களுக்கு எது முடியும் எது முடியாது என்று பார்த்து இடத்தை மாற்றுவார்.

எனவே நான் சொல்வது இதுதான். டெண்டர் போட்டு இறங்கும் தீவு, தூரம் அதிகமுள்ள இடம், கப்பல் கொஞ்ச நேரமே நிற்கும் நாள் என்றால் கப்பல் மூலம். கொசுமெல், ரொவாட்டான் மாதிரி கப்பல் மேடையிலேயே கட்டி, பாறையும் பக்கத்தில் இருக்கும் இடம் என்றால் நல்ல பெயர் எடுத்த உள்ளூர் படகு. வெளியில் போகும்போது, கப்பலில் ஏற வேண்டிய கடைசி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாவது முடியும் பயணமாக எடுங்கள். துறைமுக வாசலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறவரிடம் அங்கேயே பேசி ஏறுவதை நான் சொல்ல மாட்டேன். அவரிடம் எத்தனை லைஃப் ஜாக்கெட் இருக்கிறது என்று படகில் ஏறும்வரை உங்களுக்குத் தெரியாது.

பயண விவரத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

தண்ணீருக்குள் எத்தனை நிமிடம். முதல் கேள்வி இதுதான். "மூன்றரை மணி நேரம்" என்று போட்டிருக்கும். ஒன்றுகூடுவது, நடந்து போவது, படகு ஓடுவது, பாதுகாப்பு விளக்கம், உபகரணம் அளவு பார்ப்பது, திரும்பும் வழியில் பழச்சாறும் பாட்டும் எல்லாம் அதில் சேர்த்தி. கடைசியில் பாறைக்குமேல் முப்பத்தைந்து நிமிடம்தான் கிடைத்தது என்று சொல்கிறவர்கள் ஏராளம். விவரத்தில் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். நல்ல நிறுவனம் நேராகப் பதில் சொல்லும்.

அடுத்து, இடத்தின் பெயர். "அழகான பவளப்பாறைகள்" என்று மட்டும் சொல்லி எந்தப் பாறை என்று சொல்லாவிட்டால், துறைமுகத்துக்கு மிக அருகில் எது இருக்கிறதோ அங்கேதான் போவார்கள். அப்புறம் ஒரு கைடுக்கு எத்தனை பேர், கைடு தண்ணீருக்குள் உங்களோடு இறங்குவாரா அல்லது படகில் நின்று பார்ப்பாரா என்பது. நீச்சல் தெரியாதவர் ஒருவர் இருந்தாலும் இறங்கும் கைடுதான் வேண்டும்.

படகில் ஏறி இறங்கும் ஏணியைப் பற்றியும் கேளுங்கள். யாரும் கேட்பதில்லை, ஆனால் முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு அதுதான் பெரிய விஷயம். சின்ன வேகப்படகில் செங்குத்தான இரும்பு ஏணி இருக்கும். கடைசிப் படி தண்ணீருக்குச் சற்றுக் கீழேதான் நிற்கும், அலையில் படகு ஏறி இறங்கும்போது காலை அவ்வளவு உயரம் தூக்கி வைக்க வேண்டும். கட்டமரானில் அகலமான படிக்கட்டு இறங்கும், கைப்பிடி இருக்கும். கூட்டம் அதிகம் என்றாலும் வயதானவர்கள் இருந்தால் கட்டமரான்தான் என் தேர்வு.

எனக்கு நீச்சலே தெரியாது. போகலாமா?

போகலாம், ஆனால் எல்லா இடத்துக்கும் இல்லை. லைஃப் ஜாக்கெட் போட்டால் மூழ்க மாட்டீர்கள் என்பது உண்மை. பயம் வராது என்பது உண்மையல்ல. முகத்தைத் தண்ணீரில் வைத்தபடி வாயால் மூச்சு விடுவது உடம்புக்குப் பழக்கமில்லாத காரியம். முதல் அரை நிமிடம் மூச்சு வேகமாக ஓடும், மாஸ்க்குக்குள் இரண்டு சொட்டு தண்ணீர் வந்தாலே எழுந்து நிற்கத் தோன்றும். காலுக்குக் கீழே தரை இருந்தால் எழுந்து நின்று, சிரித்துவிட்டு, மறுபடி முயற்சி செய்வீர்கள். முப்பதடி ஆழம் இருந்தால் அதே இரண்டு சொட்டு பெரிய கலவரமாகிவிடும்.

அதனால் வீட்டிலேயே தொடங்குங்கள். அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தில் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, மாஸ்க் மாட்டி, குழாயின் வாய்ப்பகுதியைப் பல்லால் மெல்லக் கடித்து, உதட்டை மூடி, முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்து நிதானமாக மூச்சு விட்டுப் பாருங்கள். மூச்சை வெளியே விடுவது உள்ளே இழுப்பதைவிட நீளமாக இருக்கட்டும். குழாயில் தண்ணீர் புகுந்தால் "தூ" என்று பலமாக ஊதித் தள்ளவும் பழகுங்கள். இது கைவந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

பயணத்தில் தரையில் கால் ஊன்ற முடிகிற இடமாகத் தேர்ந்தெடுங்கள்: ஸ்டிங்ரே சிட்டி மணல்திட்டு, எல் சியேலோவின் ஆழம் குறைந்த பகுதி, தனித்தீவு, வெஸ்ட் பே. குடும்பத்தில் ஐந்து பேரில் நாலு பேர் நன்றாக நீந்துவார்கள் என்றாலும் ஐந்தாவது ஆளை வைத்துத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். இல்லையா, இரண்டாகப் பிரிந்து போங்கள். "வாங்க, ஒன்றும் ஆகாது" என்று பயப்படுகிறவரை இழுத்துக்கொண்டு ஆழத்தில் இறக்குவது மட்டும் கூடவே கூடாது.

அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். கூட்டிப்போகலாமா?

டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். இதை அழுத்தியே சொல்கிறேன். ஹவாயில் கடலில் மூழ்கி இறக்கும் சுற்றுலாப் பயணிகளில் அதிகம் பேர் ஸ்நார்க்கெலிங் செய்தவர்கள்தான். அவர்களில் பலர் நடுவயதைத் தாண்டியவர்கள். அலையில் அடித்துப் போனவர்கள் மட்டுமல்ல, அமைதியான தண்ணீரிலும் நடக்கிறது. குழாய் வழியே மூச்சிழுக்கக் கூடுதல் சக்தி வேண்டும், தண்ணீரின் அழுத்தமும் நெஞ்சில் இருக்கும். இதயம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும். அப்படி ஆகிறவர் கத்த மாட்டார், கையை ஆட்ட மாட்டார். சும்மா மிதப்பதுபோலவே தெரியும்.

அப்பா இறங்கினால் நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருங்கள். மூச்சு வாங்கினாலோ, கை கால் திடீரென்று சோர்ந்தாலோ, உடனே மல்லாந்து படுத்து, குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கையைத் தூக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவைத்து ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். கேட்கப்படும் உடல்நலப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். இறங்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னால், கண்ணாடித் தரைப் படகோ ஜன்னல் வைத்த அரைமூழ்கிப் படகோ பல தீவுகளில் இருக்கிறது. மீனைப் பார்ப்பதில் அப்பாவுக்கு எந்தக் குறையும் இருக்காது.

குழந்தைகளை எந்த வயதில்?

ஒவ்வொரு பயணத்துக்கும் குறைந்தபட்ச வயது போட்டிருப்பார்கள். ஆனால் வயதைவிட, மாஸ்க் மாட்டிக்கொண்டு குளத்தில் பத்து நிமிடம் அழாமல் இருக்கிறதா என்பதே சரியான அளவுகோல். குழந்தைக்கான சின்ன மாஸ்க் படகில் இருக்கும் என்று நம்ப வேண்டாம், வாங்கிக்கொண்டே போங்கள்.

கண்ணாடி போடுகிறேன். மீசை வேறு இருக்கிறது. மாஸ்க் ஒட்டுமா?

மூக்குக்கண்ணாடி மேல் மாஸ்க் போட முடியாது, காம்பு இடிக்கும், தண்ணீர் புகும். பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது; கிட்டப்பார்வைக்காரர்களுக்கு ஏறக்குறையப் பொருந்தும் பவரில் ஆயத்தமாகவே விற்கிறார்கள். தண்ணீருக்குள் எல்லாமே கொஞ்சம் பெரிதாகத் தெரியும் என்பதால் ஏறக்குறையப் பொருந்தினாலே போதும். சில படகுகளில் கேட்டால் தருவார்கள், முன்பே எழுதிச் சொல்லுங்கள்.

மீசைக்கு: மூக்குக்கு நேர் கீழே, மாஸ்க்கின் ரப்பர் உட்காரும் இடத்தில், ஒரு மெல்லிய கோடு அளவுக்கு மட்டும் மழித்துவிட்டால் போதும். முழு மீசையையும் எடுக்க வேண்டியதில்லை. மனமில்லை என்றால் சிலிக்கான் கிரீஸ் தடவலாம். வாஸ்லின் ரப்பரைக் கெடுத்துவிடும். பெண்கள் நெற்றி முடி ஒரு இழைகூட மாஸ்க்குக்குள் மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்த ஒரு இழை வழியாகவே தண்ணீர் இறங்கும்.

மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்க வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் அது உங்கள் மாஸ்க். நல்ல மாஸ்க்கும் குழாயும் சொந்தமாக வைத்துக்கொள்வதை நான் எப்போதும் பரிந்துரைப்பேன். ஃபின்ஸ் படகில் தருவதையே போட்டுக்கொள்ளலாம், சொந்தமாக வைத்திருந்தால் பெட்டியில் இடத்தை அடைக்கும்.

முகம் முழுக்க மூடும் மாஸ்க் வேண்டாம். பல படகுக்காரர்கள் அனுமதிப்பதும் இல்லை. மூச்சு முட்டினால் துப்பிவிட முடியாது, கழற்ற நேரம் பிடிக்கும்.

என்ன உடை? சன்ஸ்கிரீன்?

முழுக்கை நீச்சல் சட்டை, கால்வரை வரும் இறுக்கமான நீச்சல் லெக்கிங்ஸ். பெண்களுக்குக் கூச்சமும் இல்லை, ஆண்களுக்கு முதுகும் தீயாது. சல்வார், பருத்தி டி-ஷர்ட், லுங்கி போன்ற தளர்ந்த துணிகள் தண்ணீரில் கனத்து இழுக்கும், வேண்டாம். முதுகும் முழங்காலின் பின்பக்கமும்தான் அதிகம் வெந்துபோகும் இடங்கள்.

சன்ஸ்கிரீன் பற்றி ஒவ்வொரு தீவுக்கும் ஒரு விதி. அமெரிக்க வர்ஜின் தீவுகளில் 2020 மார்ச் முதல் ஆக்ஸிபென்சோன், ஆக்டினோக்சேட், ஆக்டோகிரைலீன் மூன்றும் தடை. போனேரில் 2021 தொடக்கத்திலிருந்து முதல் இரண்டும் தடை. கொசுமெல் பூங்காவில் படகு ஏறுமுன் எதுவும் தடவாதீர்கள் என்பார்கள். உடம்பைத் துணியால் மூடி, முகத்துக்கு மட்டும் துத்தநாக ஆக்சைடு கலந்தது வைத்துக்கொண்டால் பெரும்பாலான இடங்களில் சிக்கல் வராது.

சுறா, ஜெல்லி மீன் எல்லாம் பயமில்லையா?

ஷார்க் ரே ஆலியில் வரும் நர்ஸ் சுறா மனிதரைத் தேடி வருவதில்லை, படகு தரும் தீனிக்கு வருகிறது. கையை நீட்டாமல் இருந்தால் சரி. உண்மையில் அதிகம் பேருக்குக் காயம் படுவது எதையாவது தொடுவதாலும் மிதிப்பதாலும்தான். நெருப்புப் பவளம் கடுகு நிறத்தில் சாதுவாக இருக்கும், பட்டால் மணிக்கணக்கில் எரியும். பாறைமேல் நிற்காதீர்கள், பிடிக்காதீர்கள். உங்களுக்காகவும் பாறைக்காகவும்.

பவளமெல்லாம் வெளுத்துச் செத்துவிட்டதாமே? இன்னும் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

சேதம் பெரிதுதான், மறைக்க வேண்டியதில்லை. 2014இல் மயாமி அருகே முதலில் தெரிந்த ஒரு பவள நோய், சில வருடங்களில் கரீபியன் முழுக்கப் பரவி மூளைப்பவளம் போன்ற கல்பவளங்களைக் கொன்றது. 2019இல் கொசுமெல்லின் பலங்கார், கொலம்பியா, எல் சியேலோ பகுதிகளைச் சில வாரங்கள் மூடியே வைத்தார்கள். 2023 கோடையில் கடல் சூடேறியதில் ஏராளமான பவளங்கள் வெளுத்தன. பழைய படங்களில் இருக்கும் நிறம் எல்லா இடத்திலும் இனி இல்லை.

ஆனால் பாறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஊதா நிறக் கடல்விசிறிகள் நீரோட்டத்தில் சாய்ந்து நிமிர்வதைப் பார்க்கலாம். அசையாமல் மிதந்தால் நொறுக், நொறுக் என்று சத்தம் கேட்கும். திரும்பிப் பாருங்கள், பச்சையும் நீலமுமாகக் கிளிமீன் ஒன்று அலகு போன்ற பல்லால் பாறையைக் கடித்துப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருக்கும். சற்று நேரத்தில் பின்னாலிருந்து வெள்ளை மணலாக உதிர்த்துவிட்டுப் போகும். அந்தக் கடற்கரை மணலில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான். கிளிமீன் பாசியைத் தின்பதால்தான் பவளத்துக்கு வளர இடம் கிடைக்கிறது. ஆகவே எந்தத் தீவு ஹோட்டலிலாவது கிளிமீன் தட்டில் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பாறையை மதிக்கும் படகைத் தேர்ந்தெடுப்பதும் நம் கையில் இருக்கிறது. நங்கூரத்தைப் பாறைமேல் போடாமல் மிதவையில் கட்டுகிறார்களா, தொடாதே என்று விளக்கத்தில் சொல்கிறார்களா, மீனுக்கு ரொட்டி போடச் சொல்கிறார்களா என்று விமர்சனங்களில் தேடிப் பாருங்கள்.

எந்த மாதம் நல்லது? வானிலை கெட்டால்?

ஜூன் முதல் நவம்பர்வரை சூறாவளிக் காலம். நவம்பர் கடைசியிலிருந்து மார்ச்வரை வடக்கிலிருந்து குளிர்காற்று அவ்வப்போது இறங்கும். அன்று கொசுமெல்லில் துறைமுகத்தை மூடிவிடுவதும் உண்டு, கிராண்ட் கேமனில் கப்பல் தெற்கே ஸ்பாட்ஸ் பக்கம் போய் நிற்பதும் உண்டு. ஏப்ரல், மே பொதுவாக அமைதி. வெளியில் பதிவு செய்தால், கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திரும்பும் என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். படகில் குமட்டும் என்றால் மெக்லிசின் மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை. தூக்கம் வரும் என்பதால் அதைப் போட்டுப் பார்ப்பதை வீட்டிலேயே ஒருநாள் செய்துவிடுங்கள்.

நேரம், காசு விஷயத்தில் ஏமாறாமல் இருக்க?

கொசுமெல்லும் கேமனும் கடிகாரத்தைக் கோடையில் மாற்றுவதில்லை. கோடையில் மயாமி நேரத்துக்கு அவை ஒரு மணி பின்னால், குளிர்காலத்தில் ஒன்றே. பெலீஸும் ரொவாட்டானும் இன்னும் ஒரு மணி பின்னால். கப்பல் தன் நேரத்தை மாற்றலாம், மாற்றாமலும் இருக்கலாம். கைபேசி தானாக உள்ளூர் நேரத்துக்குத் தாவிவிடும். எனவே இறங்கும்போது கப்பல் வாசலில் இருக்கும் கடிகாரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றும் கட்டிக்கொள்ளுங்கள். படகுக்காரரிடம் "கப்பல் நேரமா, உள்ளூர் நேரமா?" என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

அமெரிக்க டாலர் நாலு இடத்திலும் செல்லும். கேமனில் விலை சொன்னால் எந்த டாலர் என்று கேளுங்கள், ஒரு கேமன் டாலர் 1.20 அமெரிக்க டாலர். பெலீஸில் தலைகீழ், இரண்டு பெலீஸ் டாலர்தான் ஒரு அமெரிக்க டாலர். டிப்ஸுக்கு ஒன்று, ஐந்து டாலர் தாள்களாக ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவின் கையைப் பிடித்து ஏணியில் ஏற்றிவிட்ட பையனுக்கு, படகு கரை சேருமுன் நேராக அவர் கையில் கொடுங்கள்.